சின்னக் குளத்தில கட்லா, ரோகு மீன்: விட்ட குஞ்சு எங்க போகுது?

பாலியாற்றங்கரை:
நிறைஞ்சால் 5 ஏக்கர் வரும் குளம். ஆவணியில வத்திப்போகும். கார்த்திகையில அங்குலக் குஞ்சு 5,000 விட்டது, அறுவடையில நூறுகூட இல்லை. விரால்தான் கொழுத்துக் கிடந்தது. பிழை எங்க? கட்லா குளத்திலயே குஞ்சு போடாதோ?

துருசடி:
கார்த்திகையில விட்டதுதான் பெரிய பிழை. வான் (குளம் நிறைஞ்சு மிச்சத் தண்ணி வழியிற இடம்) பாயேக்க குஞ்சும் தண்ணியோட போயிடும். தை பிறந்து, வான் நிண்டபிறகு விடுங்கோ. வானுக்குக் குறுக்க வலை கட்டலாம் எண்டு ஆரும் சொன்னால் கேக்காதேங்கோ. செத்தையும் சல்லும் அடைச்சு, தண்ணி ஏறிக் குளக்கட்டையே உடைக்கும்.

அடுத்தது குஞ்சின்ர அளவு. அங்குலக் குஞ்சு விராலுக்கு ஒரு வாய்தான். 3 அங்குலத்துக்குக் குறைஞ்சதை வாங்கவேண்டாம். நிறைஞ்ச பரப்பைப் பாத்துக் கணக்குப் போடாமல் அதில பாதியை, இரண்டரை ஏக்கரை, எடுங்கோ. ஏக்கருக்கு 800 படி 2,000 குஞ்சு காணும். ஒட்சிசன் அடைச்சுக் குஞ்சு வாற பைக்குள்ளயே கட்லாவைத் தெரியும்: தலை பெரிசு, கீழ்த்தாடை மேல்நோக்கி நிக்கும். ரோகுவின்ர உதடு ஓரம் சுருக்கு வைச்சமாதிரி இருக்கும். கட்லா மேல்தண்ணியில மேயும், ரோகு நடுத்தண்ணியில. அதால இரண்டும் கலந்து விடலாம்.

முத்தையன்கட்டு வாசி:
விடுற விதத்திலயும் கனக்கச் சாகும். வெயில் ஏற முதல் விடுங்கோ. ஒட்சிசன் பையை அவிழ்க்காமல் 20 நிமிசம் தண்ணியில மிதக்க விடுங்கோ. பிறகு வாயை அவிழ்த்து, குளத்துத் தண்ணியைக் கைகையா அள்ளி ஊத்தி, பையைச் சரிச்சுப் பிடியுங்கோ. குஞ்சு தானா நீந்திப் போகட்டும். தூக்கிக் கொட்டினால் சூட்டு வித்தியாசத்தில மயங்கிப் பக்கவாட்டில மிதக்கும். நீர்க்காகத்துக்கு அது போதும்.

குஞ்சு போடுற கேள்விக்கு: கட்லா, ரோகு கங்கை மாதிரி ஆறுகளில மழைவெள்ளம் பாயேக்க முட்டையிடுற சாதி. நிண்ட தண்ணியில சினை பிடிக்கும், முட்டை விடாது. 1957இல ஒடிசாவில மீன் மூளைக்கடியில இருக்கிற பிட்யூட்டரிச் சுரப்பியின்ர சாறை ஊசியால ஏத்தி முட்டையிட வைச்சபிறகுதான் பொரிப்பகங்களில குஞ்சு எடுக்க வழி பிறந்தது. ஆனபடியால் வருசாவருசம் புதுசா விடத்தான் வேணும்.

பாலியாற்றங்கரை:
தீன் போட வேணுமோ? எப்ப பிடிக்கிறது?

துருசடி:
முழங்கை வரை தண்ணிக்குள்ள விட்டுப் பாருங்கோ. பச்சையில உள்ளங்கை மங்கினால் தீன் தேவையில்லை. கோடையில குளத்துக்குள்ள மாடு மேய்ஞ்ச சாணியே பாசியை வளர்க்கும். தண்ணி இடுப்பளவுக்கு இறங்கினதும் பெரிசுகளைப் பிடிக்கத் தொடங்குங்கோ. விடியப்புறத்தில மீன் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஒட்சிசன் காணாது. அண்டைக்கே வலையை இறக்குங்கோ, அடுத்த விடியல் வரை தாங்காமல் போகலாம்.