லாரி பிரேக் டிரம் உலை: பட்டை மங்கல் சிவப்போடு நின்றுவிடுகிறது, என்ன செய்யலாம்?

புதுக்கொல்லன்:
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சின்னதாக ஓர் உலை போட்டிருக்கிறேன். பழைய இரும்புக் கடையில் வாங்கிய லாரி பிரேக் டிரம், அடியில் ஒன்றரை இன்ச் ஜிஐ குழாய், மறுமுனையில் ஹேர் டிரையர். டிரம்முக்குள் சிமெண்ட் பூச்சு. எரிப்பது சீமைக்கருவேலங்கரி. லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டு எடுத்து வெட்டுக்கத்தி அடிக்க ஆசை.

கரி நன்றாகத்தான் எரிகிறது, பொறியும் பறக்கிறது. ஆனால் பட்டை மங்கல் சிவப்பைத் தாண்ட மாட்டேன் என்கிறது. நாலு அடி அடிப்பதற்குள் கறுத்துவிடுகிறது, மேலே செதில் செதிலாக உரிகிறது. சிமெண்டும் படீர் படீரென்று தெறிக்கிறது. பெரிய புளோவர் வாங்கினால் சரியாகுமா?

துருத்தி:
புளோவருக்குக் காசு போடாதீங்க தம்பி. முதலில் இதைச் சொல்லுங்க: காற்று வரும் ஓட்டைக்கு மேல் கரி எவ்வளவு உயரம் நிற்கிறது? பட்டையை எப்படி வைக்கிறீங்க?

புதுக்கொல்லன்:
இரண்டு இன்ச் இருக்கும் அண்ணா. நுனியை ஓட்டைக்கு நேராகக் குத்தி வைக்கிறேன். அங்கேதான் வெள்ளையாக எரிகிறது.

துருத்தி:
அதுதான் விஷயம். ஓட்டை வாயில் வருவது எரிந்து தீராத காற்று. அதில் இரும்பை நீட்டினால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் ஆக்சிஜன் இரும்பையே தின்னும். நீங்கள் பார்க்கிற செதில் அப்படி வந்ததுதான். காற்று நாலு இன்ச் கரியைக் கடந்து வரட்டும். அதற்குள் ஆக்சிஜன் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அந்த உயரத்தில் பட்டையைப் படுக்கையாக வைத்து, மேலேயும் இரண்டு மூன்று இன்ச் கரி மூடுங்கள். கரி எலுமிச்சம்பழ அளவில் இருக்கட்டும், தூளைச் சலித்துவிடுங்கள்.

லாரி டிரம் இந்த வேலைக்கு ரொம்ப அகலம். உள்ளே மண் பூசி, வாய் ஒரு சாண் அகலத்துக்குக் கிண்ணம் மாதிரி சுருக்குங்கள். கரிச்செலவு பாதியாகக் குறைந்தாலும் ஆச்சரியமில்லை. டிரையரைக் குழாயோடு இறுக்கி ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விடுங்கள், மிஞ்சின காற்று வெளியே போய்விடும். பொறி பறப்பதே காற்று அதிகம் என்பதற்கு அடையாளம்.

இன்னொன்று. நல்ல வெளிச்சத்தில் ஆரஞ்சுகூட மங்கல் சிவப்பாகத்தான் தெரியும். நிழலில், முடிந்தால் சாயங்காலம் பாருங்கள்.

வெல்டர் மாமா:
ஜிஐ குழாயைப் பற்றி யாரும் பேசவில்லையே! அதன் மேல்பூச்சு துத்தநாகம். 907 டிகிரியில் கொதித்து வெள்ளைப் புகையாக வரும். மூச்சில் போனால் ராத்திரி குளிர்காய்ச்சல்தான், வெல்டிங் வேலை செய்கிற எங்களுக்கு அது நன்றாகவே தெரியும். பூச்சில்லாத எம்எஸ் (சாதா இரும்பு) குழாயாக மாற்றிவிட்டு அப்புறம் பற்ற வையுங்கள். கொட்டகையில் இரண்டு பக்கமாவது திறந்திருக்க வேண்டும், கரிப்புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு.

சிமெண்டைப் பெயர்த்து எறியுங்கள். உள்ளே நிற்கிற ஈரம் ஆவியாகி வெடிக்கிறது, கண்ணில் பட்டால் போச்சு. புற்றுமண், மணல், கொஞ்சம் உமி சேர்த்துப் பிசைந்து பூசுங்கள். உமி எரிந்துபோன இடத்தில் சின்னச் சின்னத் துளை விழும், அது சூட்டையும் கொஞ்சம் பிடித்து வைக்கும். நிழலில் நாலைந்து நாள் காயட்டும். முதல் தீ சுள்ளித் தீயாக இருக்கட்டும். வெடிப்பு விட்டால் அதே மண்ணைக் குழைத்து அடையுங்கள்.

புதுக்கொல்லன்:
ரொம்ப நன்றி. மண்ணுக்கு ஆள் சொல்லிவிட்டேன். அடித்து முடித்த பிறகு துவைச்சல் (காய்ச்சி முக்கிக் கடினமாக்குவது) எப்படி? தண்ணீரா, எண்ணெயா?

துருத்தி:
ஸ்பிரிங் பட்டைக்கு எண்ணெய். தண்ணீரில் முக்கினால் விரிசல் விட வாய்ப்பு அதிகம். காய்ச்சும்போது காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். சுமார் 770 டிகிரியில் காந்தம் பிடிக்காமல் போகும். அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் சூடேற்றி, வெதுவெதுப்பான கடலை எண்ணெயில் நேர்க்குத்தாக இறக்குங்கள். தீ பிடித்தால் மூட ஒரு தகரத் தட்டு பக்கத்தில் இருக்கட்டும். அதோடு விட்டால் கத்தி கண்ணாடி மாதிரி உடையும். துலக்கிவிட்டு, வைக்கோல் நிறம் வரும்வரை மெல்லச் சூடு காட்டி ஆறவிடுங்கள். அடிக்கும்போது மட்டும் சிவப்பு மங்கினதும் கையை நிறுத்துங்க தம்பி. ஆறின பட்டையை அடித்தால் விரிசல் உள்ளே ஓடும், துவைச்சலில்தான் வெளியே தெரியும்.