இசட்-ஸ்கோர் -2ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது, உதவி தேவை

பைத்தானில் ஒரு மீன் ரிவர்ஷன் (விலை சராசரிக்குத் திரும்பும் என்று நம்பி வாங்கும் முறை) இண்டிகேட்டர் எழுதியிருக்கிறேன். கடைசி 5 கேண்டிலின் (ஒரு கால இடைவெளியின் விலைப் பதிவு) குளோஸ் விலைக்கு, அதாவது முடிவு விலைக்கு, ரோலிங் (நகரும்) சராசரியும் திட்ட விலக்கமும் பாண்டாஸ் என்ற பைத்தான் லைப்ரரியில் எடுத்து, விலையிலிருந்து சராசரியைக் கழித்து விலக்கத்தால் வகுக்கிறேன், இதுதான் இசட்-ஸ்கோர். -2க்குக் கீழே போனால் வாங்க வேண்டும், 0க்குத் திரும்பினால் விற்க வேண்டும். பல வருட டேட்டாவில் ஓட்டியும் ஒரு சிக்னல்கூட இல்லை. விலை தலைகுப்புற விழுந்த நாளிலும் -1.7 பக்கத்தில் நின்றுவிடுகிறது. 5ஐ 20 ஆக்கினால் சிக்னல் வருகிறது. எர்ரர் எதுவும் இல்லை.

பதில்:
கோடில் பிழை இல்லை, கணக்குதான் இடம் கொடுக்காது. நான்கு குளோஸ் 100, ஐந்தாவது 50 என்று வையுங்கள். சராசரி 90, திட்ட விலக்கம் 22.36. -40ஐ அதால் வகுத்தால் -1.79. ஐம்பதுக்குப் பதில் 10 என்று போட்டாலும் அதே -1.79தான்! விழுந்த விலையே சராசரியையும் இழுக்கிறது, விலக்கத்தையும் ஊத வைக்கிறது. திட்ட விலக்கம் எடுக்கும்போது பாண்டாஸ் வழக்கமாக 4ஆல் வகுக்கும். நம்பை (NumPy) லைப்ரரி போல 5ஆல் வகுத்தாலும் சரியாக -2 வரை வரும், தாண்டாது. 20 கேண்டிலில் இந்த எல்லை 4.25, அதனால்தான் அங்கே வேலை செய்கிறது.

ரோலிங்குக்கு முன் குளோஸுக்கு ஷிஃப்ட் 1 கொடுங்கள், அதாவது ஒரு கேண்டில் தள்ளி வையுங்கள். முந்தைய ஐந்தை வைத்து இன்றைய விலையை அளந்தால் எல்லை போய்விடும்.

கேட்டவர்:
நன்றி, இப்போது சிக்னல் கொட்டுகிறது. ஆனால் சில இடங்களில் மைனஸ் இன்ஃபினிட்டி வருகிறது. லைவில் சிக்னல் தோன்றி, கேண்டில் முடிவதற்குள் மறைந்தும் போகிறது.

இன்னொருவர் பதில்:
முந்தைய ஐந்து குளோஸும் ஒன்றாக இருந்தால் விலக்கம் பூஜ்யம். அந்த இடங்களை நான் ஆக்கிவிடுங்கள் (நான் என்றால் மதிப்பில்லை என்கிற அந்த நான், நீங்கள் அல்ல). வர்த்தகம் குறைந்த பங்குகளில் இது அடிக்கடி வரும்.

மறைவதற்குக் காரணம், முடியாத கேண்டிலின் ஓடும் விலையை குளோஸாக எடுப்பது. முடிந்த கேண்டிலை மட்டும் பாருங்கள். அப்புறம், பேக்டெஸ்டில் (பழைய டேட்டாவில் ஓட்டிப் பார்க்கும் சோதனை) எந்த விலையில் வாங்குகிறீர்கள்? சிக்னல் தந்த அதே குளோஸில் என்றால் லாபக் கணக்கை நம்பாதீர்கள், அடுத்த கேண்டிலின் ஓப்பனில் (தொடக்க விலையில்) வாங்குவதாக மாற்றி ஓட்டுங்கள். இவ்வளவு சிக்னல் வந்தால் தரகுக் கட்டணத்தையும் சேர்த்தே பாருங்கள். 5 கேண்டில் உத்திகள் பெரும்பாலும் அங்கேதான் படுத்துவிடும்.