புதுப்பிப்பு: நோட்டிலிருந்த பறவைப் பட்டியல் இ-பேர்டுக்குப் போகிறது

சென்னையில் பார்த்த பறவைகளை நோட்டிலேயே வைத்துக்கொள்வதா, இ-பேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுவதா என்று முன்பு கேட்டிருந்தேன். சரி, ஏற்றத் தொடங்கிவிட்டேன்.

பழைய குறிப்புகளில் தேதியும் இடமும் இருந்தாலே போதும். எண்ணாமல் விட்ட பறவைக்கு 'எக்ஸ்' போடலாம். "பள்ளிக்கரணை. நீலத்தாழைக்கோழி செடித் தண்டை ஒரு காலில் தூக்கிப் பிடித்துக் கடிக்கிறது" என்ற வரியை அப்படியே குறிப்புக் கட்டத்தில் சேர்த்தேன். அதை விட்டுவிட மனம் வரவில்லை.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது ஒன்று உண்டு. 2024இல் கூகை என்ற ஆந்தையை மூன்று இனங்களாகப் பிரித்தார்கள். நம் ஊர்க் கூகை கிழக்குக் கூகை ஆனது. இப்படி மாறும்போது பட்டியலும் தானாகவே திருந்திவிடுகிறது.

'அடையாளம் கண்ட எல்லாவற்றையும் பதிந்தீர்களா?' என்று இ-பேர்டு கேட்கும். ஆம் என்று சொல்ல வேண்டுமானால் காக்கை, மைனாவையும் விடக்கூடாது. அப்போதுதான் ஒரு பறவை அங்கே தென்படவில்லை என்பதும் ஆய்வாளர்களுக்குத் தகவலாகிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் நாளிலிருந்தே இப்படிச் செய்யுங்கள், தயவுசெய்து.

களத்தில் இன்னும் பென்சிலும் நோட்டும்தான். அப்புறம், படமில்லாமல் குரலை மட்டும் கேட்ட ஆந்தைகளை நீங்கள் எப்படிப் பதிகிறீர்கள்?