தேதி குத்தும் சத்தம்

தருமபுரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

என் தந்தை மொரப்பூர் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் எழுத்தராக இருந்தவர். அப்போது அட்டை டிக்கெட். விரல் நீள அட்டையை ஓர் இரும்புப் பொறியின் வாயில் கொடுத்து இழுத்தால் தேதி பதியும், 'டடக்' என்று இரட்டைச் சத்தம் வரும். பள்ளி விட்டதும் அந்த ஜன்னலுக்கு உள்பக்கம் தரையில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். கணினி வந்த பிறகு அந்தச் சத்தத்தை எங்குமே கேட்கவில்லை. போன ஆண்டு கேட்டேன், வேல்ஸ் நாட்டில்.

மகள் பர்மிங்காமில் இருக்கிறாள். அங்கிருந்து ஒரே ரயிலில் டவின் என்ற கடற்கரை ஊருக்குப் போய் இறங்கினோம். டாலிலின் ரயில்வே என்ற சின்ன ரயில் அங்கேதான் புறப்படுகிறது. மலையில் வெட்டிய கற்பலகையைக் கொண்டுவர 1865-ல் போட்ட பாதை. அதன் கடைசி உரிமையாளர், தாம் இருக்கும்வரை ரயில் ஓடும் என்று சொல்லி நஷ்டத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். 1950-ல் அவர் இறந்தார். அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தபோது டாம் ரோல்ட் என்பவரும் நண்பர்களும் ஒரு சங்கம் கூட்டி, 1951 மே மாதம் தாங்களே ஓட்டத் தொடங்கினார்கள். உருப்படியாக இருந்தது டோல்கோச் என்ற ஒரே எஞ்சின்தான். தன்னார்வலர்கள் காப்பாற்றி நடத்திய ரயில்பாதைகளில் உலகிலேயே இதுதான் முதலாவது. இன்றும் கொடி காட்டுவது, கரி அள்ளுவது, கழிப்பறை கழுவுவது எல்லாவற்றிலும் சம்பளம் வாங்காத ஆட்களைப் பார்க்கலாம்.

டிக்கெட் ஜன்னலில் இருந்தவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வாழ்நாளெல்லாம் மருந்துக்கடை நடத்தியவராம். அட்டையை எடுத்தார், பொறியில் இழுத்தார். டடக். நான் கையை ஜன்னலிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். பின்னால் வரிசை நிற்கிறது. மகள் தோளைத் தொட்டு இழுக்கிறாள். பிறகு அவளே அவரிடம் காரணத்தைச் சொன்னாள்.

ரயில் போனதும் பெரியவர் பக்கக் கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டார். வீணான அட்டை ஒன்றைக் கொடுத்து என்னையே குத்தச் சொன்னார். தேதி கோணலாக விழுந்தது. அப்பா பார்த்திருந்தால் தலையில் குட்டியிருப்பார். பெரியவர் அன்றைய கணக்கையும் காட்டினார். ஒவ்வொரு அட்டையிலும் வரிசை எண் உண்டு. காலையில் அடுக்கில் இருந்த முதல் எண்ணை மாலை எண்ணிலிருந்து கழித்தால் எத்தனை விற்றது என்று தெரியும். காசு அதற்கு ஒத்து வர வேண்டும். அப்பா எட்டணா குறைந்தால் இரவுச் சாப்பாட்டைத் தொடமாட்டார். சம்பளமே வாங்காத இந்த மனிதரும் அதே முகத்தோடு சில்லறையை இரண்டாம் முறை எண்ணினார்.

எங்கள் ஊரிலும் சின்ன ரயில் இருந்தது என்றேன். பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுசேர்க்க உதவும் என்று போட்டது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ல் வந்தது, 1913-ல் ஓசூர் வரை நீண்டது. தண்டவாள அகலம் இரண்டரை அடி. "எங்களுடையது இரண்டே கால் அடிதான், நீங்கள் பெரிய ரயில்காரர்" என்று சிரித்தார். பிறகு, "இப்போது என்ன மிச்சம் இருக்கிறது?" என்றார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள் என்றேன். "அது போகட்டும், மிச்சம் என்ன?" என்று மறுபடியும் கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. உங்களில் யாருக்காவது இருந்தால் எழுதுங்கள்.

கிருஷ்ணகிரி, இல்லத்தரசி:

ஐயா, மாவட்டத் தலைநகரில் இருந்துகொண்டு ரயில் ஏற ஜோலார்பேட்டைக்கோ ஓசூருக்கோ பஸ் பிடிக்கிற எங்களிடமா கேட்கிறீர்கள்! என் கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார், "உங்கள் ஊர் ஸ்டேஷன் எது?" என்று கேட்டு அப்பாவைத் திணறடித்தார்கள். ரயிலே வராத ஊர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வந்த ரயிலை இழந்த ஊர் இது. திருப்பத்தூரிலிருந்து 1905-ல் இங்கே சின்ன ரயில் வந்துவிட்டது. அதுவும் உங்கள் ரயிலைப் போலவே போர்க்காலத்தில் போயிற்று.

என் பாட்டி ஏழெட்டு வயதில் அதில் போயிருக்கிறார். எஞ்சின் எப்படி இருந்தது, எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியாது. கண்ணில் விழுந்த கரித்தூள் மட்டும்தான் நினைவு. வேண்டாம் என்று சொல்லியும் தலையை வெளியே நீட்டியிருக்கிறார். அவருடைய அம்மா முதலில் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, முந்தானையைப் பந்தாகச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடேற்றிக் கண்ணில் ஒற்றி ஒற்றி எடுத்தாராம். எண்பது வயதிலும் இதைச் சொல்லும்போது இடது கண்ணைத்தான் மூடிக் காட்டுவார். ஒருமுறைகூட வலது கண்ணுக்கு மாறியதில்லை.

மிச்சம் என்ன என்று அந்தப் பெரியவர் கேட்டாரே, இதைச் சொல்லுங்கள்.

மொரப்பூர், வியாபாரி:

கோபிக்க வேண்டாம். அங்கே அது தனியார் பாதை, சங்கம் எடுத்து நடத்த முடிந்தது. இங்கே ரயில்வே நிலத்தில் ஒரு செங்கல்லை நகர்த்த யாருக்கு அதிகாரம்? போதாக்குறைக்கு, அங்கே வார நாளில் வேலையை விட்டுவிட்டுக் கொடி பிடிக்க வருகிறவருக்கு வீட்டில் அடுப்பு எரிகிறது. எனக்குப் பழைய ரயிலின் மேல் ஏக்கம் கிடையாது. மொரப்பூர்–தருமபுரி புதிய பாதைக்கு 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். அதில் ஏறிச் சந்தைக்குப் போக வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஓசூர், தொழிற்சாலை ஊழியர்:

அண்ணன் சொல்வது பாதி சரி. ஒரு நிலையத்தைச் சுத்தம் செய்ய அனுமதி வாங்க எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது. ஆனால் அனுமதி கிடைத்த பிறகு நாங்கள் செய்ததைக் கேட்டால், கொடுத்திருக்கவே வேண்டாம் என்பீர்கள்.

சின்ன ரயில் போன பிறகு புதிதாகப் போட்ட தருமபுரி–ஓசூர் பாதையில் ஒரு சின்ன நிலையம். பெயரை விட்டுவிடுகிறேன், கெட்ட பெயர் எங்களுக்கு மட்டும் இருக்கட்டும். முதல் ஞாயிறு பதினான்கு பேர் போனோம். முள்ளை வெட்டினோம், பெஞ்சுக்கு வண்ணம் அடித்தோம், புங்கன் நட்டோம். பார்சல் அறை மூலையில், தண்டவாளம் ஒரு மீட்டர் அகலமாக இருந்த மீட்டர் கேஜ் காலத்து எடை மேடை ஒன்று கிடந்தது. உற்சாகம் தலைக்கேறி, அதை உப்புத்தாளால் அழுத்தித் தேய்த்துச் சில்வர் பெயிண்ட் அடித்துவிட்டோம். பளபளவென்று இருந்தது. அதன் முன் நின்று படமும் எடுத்துக்கொண்டோம்.

அடுத்த வாரம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மேடையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "பித்தளைக்கு யாராவது பெயிண்ட் அடிப்பார்களா? உங்கள் வீட்டுக் குத்துவிளக்குக்கும் இப்படித்தான் அடிப்பீர்களா?" என்றார். பெயிண்டுக்கு அடியில் பித்தளைத் தகடு இருந்தது எங்களுக்குத் தெரியவே தெரியாது. தின்னர் விட்டுத் துடைத்தோம். அவர் வீட்டிலிருந்து புளியும் சலித்த சாம்பலும் கொண்டுவந்து, தரையில் உட்கார்ந்து, கட்டைவிரலால் தேய்க்கச் சொல்லிக் கொடுத்தார். தகடு பொன்போல வந்தது. ஆனால் அதில் செதுக்கியிருந்த எழுத்தில் பாதியை எங்கள் உப்புத்தாள் தின்றிருந்தது. செய்த கம்பெனியின் பெயரும் ஆண்டும் இருந்திருக்க வேண்டிய இடத்தில் இப்போது வெறும் கீறல்தான்.

அவர் திட்டவில்லை. கேபினில் சிக்னலுக்கும் தடத்துக்கும் லீவர் இழுத்த கதையைச் சொன்னார். லீவரின் கைப்பிடியை வெறுங்கையால் தொடக்கூடாது, துணி போட்டுத்தான் பிடிக்க வேண்டும். வியர்வை பட்டால் இரவுக்குள் துரு ஏறிவிடும். முப்பது வருடம் அந்தத் துணி தன் தோளிலேயே கிடந்தது என்றார். பேசும்போது தோளில் இருந்த துண்டை எடுத்து அந்தத் தகட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பதினான்கு பேரில் இப்போது நான்கு பேர்தான் தொடர்ந்து போகிறோம். பெருக்குவது, செடிக்குத் தண்ணீர், பயணிகளுக்கு மண்பானையில் குடிதண்ணீர், அவ்வளவுதான். பெரியவர் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பார்.

தருமபுரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

மொரப்பூர் நண்பருக்கு: புதிய ரயில் வரட்டும், முதல் நாள் நானும் ஏறுகிறேன். டிக்கெட் உங்கள் செலவு.

அம்மா, உங்கள் பாட்டி கண்ணை மூடிக் காட்டியதை மகளிடம் சொல்லி ஆங்கிலத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன். 'முந்தானையை ஊதிச் சூடேற்றி' என்பதில் வந்து நின்றுவிட்டாள். முந்தானை என்றால் என்ன என்று அந்தப் பெரியவருக்கு முதலில் விளக்க வேண்டுமாம்.

ஓசூர் தம்பிக்கு ஒரு கேள்வி. அந்தப் பார்சல் அறையில் எடை மேடை மட்டும்தான் இருந்ததா? தேதி குத்தும் பொறி ஏதாவது மூலையில் கிடக்கிறதா என்று பாருங்கள். சின்னதுதான், இரும்பு, கனமாக இருக்கும். இருந்தால் ஒன்றும் செய்யாமல் அப்படியே வைத்திருங்கள். வரும் ஞாயிறு நான் வருகிறேன். புளி நான் கொண்டுவருகிறேன், உப்புத்தாளை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.