மறு: காதுக்குள் வைப்பதற்கு என்ன பெயர்?

> கந்தளாய் அரிசி ஆலைகளுக்கு ஒரு அறிவுறுத்தல் பலகை எழுதுகிறேன். இரைச்சலைத் தடுக்கக் காதுக்குள் வைப்பது 'காதடைப்பு', மேலால் போடுவது 'காதுமூடி', பெட்டியில் இருக்கும் எண் 'இரைச்சல் குறைப்பு மதிப்பு'. சரிதானே?

வணக்கம் அண்ணா,

காதுமூடி சரி. சீனக்குடாப் பக்கம் சீமெந்து, மா ஆலை வேலைக்குப் போகிறவர்களுக்கு 'இயர் மஃப்' என்றாலே விளங்கும். ஆனாலும் பலகையில் காதுமூடி நன்றாக நிற்கும். மற்ற இரண்டும்தான் எனக்கு இடிக்கிறது.

காதடைப்பு என்றால் நம் ஆட்களுக்கு அது ஒரு வருத்தம். தடிமன் பிடித்தால் காது அடைக்கும், பசி முற்றினாலும் அடைக்கும். 'உள்ளே காதடைப்பு கட்டாயம்' என்று வாசலில் தொங்கவிட்டால் யாருக்கு உள்ளே போக மனம் வரும்?

'பஞ்சு' என்ற பேச்சுச் சொல்லையே எடுக்கலாம் என்று போன கிழமை இங்கே ஒருவர் எழுதியிருந்தார். வேலையாட்கள் வாயில் இருக்கும் சொல்லை எடுப்பதுதான் என் வழக்கம். ஆனால் இதை விட்டுவிடுவோம். பஞ்சு என்று எழுதினால் பார்மசிப் பஞ்சைத்தான் உருட்டி வைப்பார்கள். வெறும் பஞ்சு இரைச்சலைத் தடுப்பது மிகவும் குறைவு.

என் பரிந்துரை 'செவிச்செருகி'. செய்யவேண்டிய வேலையும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நுரைச் செருகியை விரல்களுக்கு நடுவில் ஈர்க்குப் போல மெல்லிதாக உருட்ட வேண்டும். மற்றக் கையைத் தலைக்கு மேலால் கொண்டுபோய்க் காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால் உள்வழி நேராகும். உள்ளே விட்டபின் அது விரிந்து முடியும்வரை, அரை நிமிடமளவு, விரலை எடுக்கக் கூடாது. தவிடு படிந்த கையோடு இதைச் செய்தால் காதுக்குள் அழுக்குத்தான் போகும். கை கழுவச் சொல்லி முதல் வரியிலேயே எழுதுங்கள். பாதி உள்ளே, பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது போட்டும் போடாததுதான்.

பெட்டி எண்ணுக்கு வருகிறேன். அமெரிக்கப் பெட்டியில் என்.ஆர்.ஆர் என்றும் ஐரோப்பியப் பெட்டியில் எஸ்.என்.ஆர் என்றும் இருக்கும். அளக்கும் முறை வேறு வேறு, ஒன்றை மற்றதோடு ஒப்பிடக் கூடாது. 'குறைப்பு மதிப்பு' என்று எழுதினால் வாசிக்கிறவர் உடனே கழித்துப் பார்ப்பார்: ஆலைக்குள் இரைச்சல் 95 டெசிபெல், பெட்டியில் என்.ஆர்.ஆர் 29, மிச்சம் 66, ஆகா! அந்த 29 ஆய்வுகூடத்தில், சொல்லிக்கொடுத்த ஆட்களின் காதில், சரியாகச் செருகி அளந்தது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிருவாகத்தின் வழிமுறையில் முதலில் 7ஐக் கழித்து, மிச்சத்தைப் பாதியாக்குவார்கள். 22இல் பாதி 11. ஆகவே காதுக்குள் போவது 84. எட்டு மணி நேர வேலைக்கு 85 என்பதுதான் பல இடங்களிலும் வைத்திருக்கும் கோடு, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரத்தைப் பாதியாக்கு என்பது கடுமையான கணக்கு. 66 என்று நம்பியவர் உண்மையில் கோட்டின் விளிம்பில் நிற்கிறார்.

அதனால் இரண்டு சொல் வேண்டும் என்கிறேன்: 'பெட்டித் தணிப்பு', 'காதுத் தணிப்பு'. முதலாவது வாங்கும்போது பார்ப்பது, இரண்டாவது வேலை செய்யும்போது கிடைப்பது.

> தங்கச்சி, விளக்கம் நல்லது. ஆனால் செவிச்செருகி பரீட்சைத் தாள் மாதிரி இருக்கு. மூட்டை தூக்குகிறவன் செவி என்று எப்போது சொன்னான்? காதுமூடி என்றால் காதுச்செருகி என்றுதானே வரவேண்டும்? பிறகு, எண் பெரிதாக உள்ளதையே வாங்கச் சொல்லி எழுதிவிடவா?

அண்ணா, காதுச்செருகியே இருக்கட்டும், ஒப்புக்கொள்கிறேன். இரண்டுக்கும் பொதுப்பெயராகச் 'செவிப்புலன் காப்பு' என்று வைப்போம். காதுக்காப்பு என்றால் நகைக்கடைக்குப் போய்விடும்.

பெரிய எண்ணை வாங்கச் சொல்லி எழுத வேண்டாம். காதுக்குள் 70க்குக் கீழே இறங்கினால் பின்னால் வரும் லொறியின் ஹோர்ன் கேட்காது, கூப்பிட்டாலும் கேட்காது. அதற்கு 'மிகைத்தணிப்பு' என்று ஒரு சொல் போடலாம். பேச்சுக் கேட்கவில்லை என்று கழற்றுகிறவர்தான் அதிகம். முழுதாக 30 டெசிபெல் தணிக்கும் காதுமூடியை எட்டு மணி நேரத்தில் அரை மணி கழற்றி வைத்தாலே, அன்றைய கணக்கில் கிடைப்பது ஏறத்தாழ 12தான். நம் வெயிலில் காதுமூடிக்குள் வியர்த்து ஊறும், மூக்குக்கண்ணாடிக் காம்பு இடையில் புகுந்தால் இடைவெளி விடும். நாள் முழுக்க நிற்கிறவருக்குச் செருகி, உள்ளே போய் வருகிற மேற்பார்வையாளருக்கு மூடி என்று பிரித்து எழுதுங்கள். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் நெடுநாள் படகின் எஞ்சின் அறைக்குள் இறங்குகிறவருக்கும் மூடிதான் வசதி. இரண்டையும் சேர்த்துப் போட்டால் எண்கள் கூடாது, சுமார் 5 டெசிபெல்தான் மேலதிகம்.

இன்னும் ஒன்று மிச்சம். வளைந்த பட்டியின் இரு முனையிலும் குமிழ் வைத்து, காது வாசலை மட்டும் அழுத்துவது ஒன்று உண்டே, வேலை நிற்கும்போது கழுத்தில் தொங்கவிடுவது. 'பட்டிச்செருகி' என்று யோசித்தேன். ஆனால் அது உள்ளே செருகுவதில்லை. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் பலகை அச்சுக்குப் போக முன் எழுதுங்கள்.