சங்க நிர்வாகக் குழுத் தேர்தல்: வழிகாட்டல் தேவை

குழுவினருக்கு வணக்கம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ்ப் பதிவான எங்கள் கல்வி உதவிச் சங்கத்தில், நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்றாண்டுகளைத் தாண்டக்கூடாது என்று சட்டம் சொல்லியும், தேர்தல் நடத்தாமல் பழைய உறுப்பினர்களே தொடர்கிறார்கள். தீர்மானப் புத்தகத்தில் கூட்டம் நடந்ததாகக் குறிப்பு இருக்கிறது. கையெழுத்துப் பகுதி காலியாக உள்ளது. காசோலையில் கையெழுத்திடும் தலைவரும் பொருளாளரும் உடன்பிறந்தவர்கள் என்பதால், ஒருவரை மற்றவர் சரிபார்க்கும் ஏற்பாடு பெயரளவுக்கே இருக்கிறது. அவர்களுடைய நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கென்று பணம் கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்டும் நிலையில் சங்கம் இருக்க வேண்டும்.

பொதுக்குழுவைக் கூட்டும்படி உறுப்பினர்கள் எழுத்து மூலம் கோருவது எப்படி, புதிய குழுவின் விவரத்தைப் படிவம் 7-இல் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும்போது இடைப்பட்ட ஆண்டுகளுக்கு என்ன விளக்கம் தருவது என்பதை அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். கோரிக்கைக் கடிதத்தின் மாதிரி கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.