பார்க்கின்சன்: டியுஜி 10.8 விநாடி, ஆனாலும் விழுகிறார். எதை நம்புவது?

பிசியோ_இறுதியாண்டு:
வணக்கம். நோயாளிக்கு வயது 68, பார்க்கின்சன் வந்து 7 வருடம். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் டியுஜி சோதனையை 10.8 விநாடியில் முடிக்கிறார். 13.5க்குள் இருந்தால் பயமில்லை என்றுதான் படித்தோம். ஆனால் ஆறு மாதத்தில் இரண்டு தடவை விழுந்தார் என்கிறார் மனைவி. நிலைப்படி தாண்டும்போது கால் ஒட்டிக்கொள்கிறதாம். சோதித்தது காலை 11 மணிக்கு, பார்க்கின்சன் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து. எதை விட்டுவிட்டேன்?

நடைவழி:
மனைவி சொன்ன இரண்டு விஷயமும் உங்கள் ஸ்டாப்வாட்சை விடப் பெரிய சான்று. 13.5 என்பது பொதுவாக முதியவர்களுக்குச் சொன்ன எல்லை. பார்க்கின்சனுக்கு 11.5 என்று இறக்கி வைப்பதுண்டு. அதிலும் இவர் தேறிவிடுவார். அதனால்தான் டியுஜியை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

2013இல் வந்த மூன்று கேள்விக் கணக்கைப் போடுங்கள். கடந்த 12 மாதத்தில் விழுந்திருந்தால் 6. கடந்த ஒரு மாதத்தில் நடை உறைந்திருந்தால், அதாவது நடக்கும்போது கால் தரையில் ஒட்டியதுபோல் நின்றுவிட்டிருந்தால், 3. இயல்பான நடை விநாடிக்கு 1.1 மீட்டருக்குக் குறைவென்றால் 2. கூட்டினால் 0 குறைந்த அபாயம், 2 முதல் 6 நடுத்தரம், 8 முதல் 11 அதிகம். அடுத்த ஆறு மாதத்தில் விழும் வாய்ப்பு முறையே 17, 51, 85 சதவீதம். உங்கள் நோயாளிக்கு வேகம் பார்க்கும் முன்பே 9 வந்துவிட்டது.

வேகத்துக்கு 6 மீட்டர் நடக்கவிட்டு நடு 4 மீட்டருக்கு மட்டும் நேரம் எடுங்கள். 3.6 விநாடியைத் தாண்டினால் 1.1க்குக் கீழே. "வேகமா நடங்க" என்று சொல்லிவிடாதீர்கள், "கடைக்குப் போற மாதிரி நடங்க" போதும்.

உறைதல் கிளினிக்கில் ஒளிந்துகொள்ளும். நாம் பார்க்கிறோம் என்றதும் கவனமெல்லாம் காலுக்குப் போய்விடும், நடை சீராகிவிடும். நின்ற இடத்திலேயே வேகமாக ஒரு முழுச் சுற்று, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. பிறகு சுவருக்கும் நாற்காலிக்கும் நடுவே குறுகிய இடைவெளியில் நடை. கடைசியாக, 100இலிருந்து ஏழேழாகக் கழித்துச் சொல்லிக்கொண்டே நடை. அருகிலேயே நில்லுங்கள், விழக்கூடிய இடம் இதுதான். கேட்கும்போது "உறைதல் இருக்கா?" என்றால் பலருக்குப் புரியாது. நீங்களே நடந்து, பாதம் தரையில் ஒட்டி முட்டி நடுங்குவதை நடித்துக் காட்டிவிட்டுக் கேளுங்கள்.

சமநிலை_சிகிச்சை:
நடைவழி சொன்னதோடு தோள் இழுப்புச் சோதனையும் வேண்டும். அதைத் தப்பாகச் செய்கிறவர்களே அதிகம். நோயாளி கண் திறந்து, பாதங்களைச் சற்று அகற்றி நிற்கட்டும். நீங்கள் பின்னால், உங்களுக்குப் பின்னால் சுவர். பின்னால் அடி எடுத்து வைத்துச் சமாளிக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதல் இழுப்பு மெதுவாக, பழக்கத்துக்கு. அதற்கு மதிப்பெண் கிடையாது. இரண்டாவது, இரு தோளையும் பிடித்து வெடுக்கென்று, பலமாக. அவருக்கு அடி எடுக்க இடம் விட்டு நில்லுங்கள். ஒன்றிரண்டு அடியில் நின்றால் சரி. மூன்று முதல் ஐந்து அடி லேசான குறை. அடியே எடுக்காமல் மரம் சாய்வதுபோல் சாய்ந்தால் உங்கள் கை தயாராக இருக்க வேண்டும். ஆள் கனமானவர் என்றால் இன்னொருவரையும் நிறுத்திக்கொள்ளுங்கள். முன்பக்கம் வளைந்து தயாராக நிற்பவரிடம் கிடைக்கும் முடிவு செல்லாது, நிமிர்த்திவிட்டு மறுபடி இழுங்கள்.

விழாமல் தடுமாறிச் சுவரைப் பிடித்த தடவைகளையும் கேளுங்கள். "விழவே இல்லை" என்பவர் வீட்டில் நடமாட்டத்தையே நிறுத்தியிருக்கலாம். அதை அபாயம் குறைந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிசியோ_இறுதியாண்டு:
நன்றி மேடம், நன்றி சார். கேட்டுவிட்டேன்: இரண்டு தடவையும் அதிகாலை 4 மணி, கழிவறைக்குப் போகும்போது. இரவில் புரோஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் போடுகிறார்.

நடைவழி:
அப்படியானால் நீங்கள் சோதித்தவரும் 4 மணிக்கு எழுகிறவரும் ஒரே நிலையில் இல்லை. இரவு போட்ட பார்க்கின்சன் மாத்திரையின் பலன் அதற்குள் தீர்ந்திருக்கும். டாம்சுலோசின் ரத்த அழுத்தத்தையும் இறக்கும், பார்க்கின்சனும் தன் பங்குக்கு இறக்கும். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு முறை, எழுந்து நின்ற 1ஆவது நிமிடத்திலும் 3ஆவது நிமிடத்திலும் ஒவ்வொரு முறை அழுத்தம் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் மருத்துவருக்கு எழுதுங்கள். டாம்சுலோசினை நிறுத்தச் சொல்வது நம் வேலை இல்லை. தூக்க மாத்திரை ஏதாவது உண்டா என்பதையும் அதே கடிதத்தில் சேருங்கள். டியுஜியையும் சுற்றும் சோதனையையும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, காலை முதல் மாத்திரைக்கு முன் ஒரு தடவை செய்து பாருங்கள். ஆள் துணையோடு மட்டும்.

சமநிலை_சிகிச்சை:
அதுவரை காத்திருக்க வேண்டாம், இன்று இரவே கட்டில் பக்கத்தில் சிறுநீர்க் குடுவை வையுங்கள். எழுவதற்கு முன் இரண்டு நிமிடம் கட்டில் விளிம்பில் கால் தொங்கப்போட்டு உட்காரட்டும். வழியில் இரவு விளக்கு எரியட்டும், மிதியடியை எடுத்துவிடுங்கள், வேட்டிக்குப் பதில் கணுக்காலுக்கு மேலே நிற்கும் பைஜாமா. நிலைப்படியின் முன் தரையில் ஒரு பளிச்சென்ற டேப் கோடு ஒட்டினால் அதைத் தாண்டும் எண்ணத்திலேயே கால் எழும்பும். மனைவியிடம் ஒரு நோட்டு கொடுங்கள்: விழுந்த நேரம், கடைசி மாத்திரை எப்போது, எந்தப் பக்கம் திரும்பினார், கையில் என்ன இருந்தது. இந்த நான்கு போதும்.